நெட்டுக்கு முறை

ஏணியை அந்தப் பக்கம் சாய்க்காதீர்கள் தம்பி, அங்கே கைப்பிடிச் சுவர் வெடித்திருக்கிறது. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வையுங்கள். ஆமாம், அப்படித்தான்.

ஏறுவதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். கீழே பைக்கை நிறுத்தும்போதே கேட்டீர்கள், "வீரமலைங்கிறது நீங்களா, வீடு வீடா நெட்டை கட் பண்றது நீங்கதானா?" என்று. வாசலில் என் வீட்டுக்காரி நிற்கிறாள், எதிர்வீட்டுக்காரன் நிற்கிறான், அத்தனை பேர் முன்னால் கேட்டீர்கள். எனக்குக் கோபம் இல்லை. நீங்கள் கம்பெனி அனுப்பி வந்தவர். ஆனால் கட் பண்ணுவது என்கிற பேச்சே தப்பு. நான் யாருக்கும் எதையும் கட் பண்ணவில்லை. முறை வைத்தேன். இரண்டும் ஒன்றில்லை. துறையூரில் இருப்பவர்களுக்கு அது விளங்காது. கிணற்றுப் பாசனம் பார்த்தவனுக்குத்தான் விளங்கும்.

நீங்கள் வந்த வேலையைப் பாருங்கள். நான் இங்கே நிழலில் உட்கார்ந்துகொண்டே சொல்கிறேன். காது கேட்குமில்லையா? காற்று கொஞ்சம் அதிகம்தான் மேலே.

இந்த ஊரில் செல்போனுக்கு டவர் எடுக்காது. ஏரிக்கரையில் ஏறி நின்றால் ஒரு கோடு வரும், போகும். அதனால்தான் உங்கள் கம்பெனி முதலாளி இந்த ஊருக்குக் காற்றிலேயே நெட்டு தருகிறேன் என்று வந்தார். வந்து ஒவ்வொரு மாடியாக ஏறிப் பார்த்தார். எந்த மாடியில் நின்றாலும் நடுவில் தென்னையோ குன்றோ மறைக்கிறது. என் வீடு மேட்டில் இருக்கிறது. இங்கே நின்றால் துறையூர் டவர் நேராகத் தெரியும். "ஐயா, உங்க மாடியில ஒரு கம்பம் நட்டுக்கறேன், உங்க வீட்டுக்கு நெட்டு சும்மா" என்றார். நட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அங்கிருந்து வருவதை இந்த டிஷ் வாங்கும், அதற்குக் கீழே இருக்கிற பெட்டி ஊருக்குள் வீசும், கீழே அலமாரியில் இருக்கிற ரூட்டர் எல்லாவற்றுக்கும் தலைமடை மாதிரி. உங்களுக்குத் தெரியாததா? நான் எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் நாலாம் வகுப்பு. ஆனால் இது எனக்குத் தெரியும். என் அண்ணனுக்குத் தெரியாது.

ஆமாம், அண்ணன். மருதை. அதோ, ஓட்டு வீட்டுக்குப் பக்கத்தில் நீலச் சுண்ணாம்பு அடித்த வீடு. இங்கிருந்து பார்த்தால் முற்றம்கூடத் தெரியும். நான் பார்ப்பதில்லை.

உங்களுக்கு முன்னால் ஜெரால்டு என்று ஒருத்தர் வந்துகொண்டிருந்தார். நல்ல மனுஷன். அவருக்கு ஒவ்வொரு தடவையும் துறையூரிலிருந்து வருவது தொந்தரவு. இவன் வீட்டில் படம் நிற்கிறது, அவள் வீட்டில் பேச்சு விட்டு விட்டு வருகிறது என்று தினமும் போன். அதனால் என் போனில் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். அதில் ஒவ்வொரு வீடும் ஒரு படம். எனக்கு இங்கிலீஷ் தெரியாது அல்லவா, எலக்‌ஷனுக்குச் சின்னம் கொடுக்கிற மாதிரி வீட்டுக்கு ஒரு சின்னம் கொடுத்தார். மளிகைக் கடைக்குத் தராசு. பால்காரர் வீட்டுக்கு மாடு. "ஐயா, ஒரு வீட்டுல தகராறுன்னா அந்தப் படத்தைத் தொடுங்க, கருப்பாயிடும், லைன் நின்னுடும். திரும்பத் தொட்டா பச்சையாயிடும், லைன் புதுசா புடிச்சுக்கும். பாதித் தகராறு அதுலயே சரியாயிடும்" என்றார். அண்ணன் வீட்டுக்கு என்ன படம் என்று கேட்டார். நரி இருக்கிறதா என்றேன். இல்லையாம். யானையை வைத்துவிட்டார். யானை அவனுக்கு அதிகம். இருந்தாலும் பெருந்தன்மையாக விட்டுவிட்டேன்.

அது நல்லபடியாகத்தான் ஓடியது. மாசி மாதம் திடீரென்று எல்லாருக்கும் குறைந்துபோனது. ஒரு வீட்டில் இரண்டு வீட்டில் இல்லை, ஊர் முழுக்க. படம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. வளைகாப்பு வீட்டில் துபாயிலிருந்து மாப்பிள்ளை பேசுகிறான், அவன் வாய் அசைகிறது, சத்தம் வளையல் போட்டு முடித்த பிறகு வருகிறது. எல்லாரும் என் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஜெரால்டு வேலையை விட்டுவிட்டுப் பெங்களூர் போய்விட்டார். ஏரிக்கரையில் நின்று கம்பெனிக்குப் போன் போட்டால் ஒரு பொண்ணு எடுத்து, "ஆள் வருவாங்க சார்" என்கிறது. ஆள் எங்கே வந்தார்கள்? நீங்கள் இப்போதுதான் வருகிறீர்கள்.

ஒருநாள் மத்தியானம் சும்மா இருக்கமாட்டாமல் கீழத்தெரு வீடுகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் தொட்டுக் கருப்பாக்கினேன். சோதனைக்குத்தான். கொஞ்ச நேரத்தில் மேலத்தெருவிலிருந்து பால்காரர் ஓடி வருகிறார். "வீரமலை அண்ணே, என்ன பண்ணுனீங்க? பறக்குது!" என்கிறார். அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. இது கிணறு தம்பி. வேறொன்றும் இல்லை. ஊற்று குறைந்த கிணற்றில் எல்லாரும் ஒரே நேரத்தில் மோட்டார் போட்டால் யாருக்கும் பாயாது. பங்காளிகள் என்ன செய்வார்கள்? இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு என்று முறை வைப்பார்கள். அவனவன் முறையில் அவனவன் வயல் நனையும். அதைத்தான் நான் செய்தேன்.

காலையில் விடிந்ததிலிருந்து வெயில் ஏறும்வரை கீழத்தெரு. அப்புறம் இருட்டுகிறவரை மேலத்தெரு. இருட்டிய பிறகு எல்லாருக்கும் திறந்துவிடுவேன், சொட்டுகிறது சொட்டட்டும் என்று. உங்கள் முதலாளியிடமே போனில் சொன்னேன், நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் கவலைப்படாதீர்கள் என்று. "உங்களை மாதிரி ஊருக்கு ஒருத்தர் இருந்தா போதும் ஐயா" என்றார். இதை உங்களிடம் சொல்லியிருக்கமாட்டாரே? சொல்லமாட்டார்.

தம்பி, அந்தக் கம்பியில் கை வைக்காதீர்கள், அது இடிதாங்கி.

ஊரில் மரியாதை என்றால் அதுதான் மரியாதை. என்னைத் தாண்டிப் போகிறவன்கூட நின்று, "சாப்பிட்டீங்களா அண்ணே" என்று கேட்டுவிட்டுப் போனான். பங்குனித் திருவிழாவில் பரிவட்டம் கட்டும்போது பூசாரி என்னைத் தேடினார். மளிகைக் கடைக்காரர் ராஜரத்தினம் வருவார், "அண்ணே, சாயங்காலம் கிரிக்கெட்டு, கீழத்தெருவுக்கும் கொஞ்சம் விடுங்க, பசங்க கடையில உக்காந்து பாப்பாங்க, வியாபாரம் ஆகும்" என்பார். விடுவேன். ஊர்க் காரியம். என் வீட்டுக்காரி பூங்காவனம் மட்டும், "நீங்க என்ன, ஊருக்கே மூச்சு விடச் சொல்லிக் குடுக்கற மாதிரி உக்காந்திருக்கீங்க" என்பாள். அவளுக்கு எப்போதும் அப்படித்தான்.

என் அண்ணன் ஒருத்தன்தான் வந்து கேட்கவில்லை.

அவன் ஏன் கேட்பான்? அவன் கேட்டுப் பழக்கப்பட்டவனா? எடுத்துப் பழக்கப்பட்டவன். இதைச் சொல்லிவிடுகிறேன், கேளுங்கள். எங்கள் அப்பா வெட்டிய கிணறு, ஏரிக்குக் கீழே. எங்கள் இரண்டு பேருக்கும் பாதிப் பாதி. ஒருநாள் விட்டு ஒருநாள் முறை. நான் சின்ன வெங்காயம் போட்டிருந்தேன். காய் கட்டுகிற பருவம். என் முறையன்றைக்குப் போய்ப் பார்க்கிறேன், கிணற்றில் சேறுதான் கிடக்கிறது. அவன் இறைத்துவிட்டான். என் முறையில் இறைத்துவிட்டான். கேட்டால், "என் முறையன்னிக்கு த்ரீ பேஸ் கரண்டே வரலைடா, என் பயிரும் வாடுது, உன் முறைக்குள்ள ஊறிடும்னு நெனச்சேன்" என்கிறான். கரண்டு வரவில்லை என்றால் அதற்கு நானா பொறுப்பு? முறை என்றால் முறை. இனி ஊறுகிற தண்ணீரில் உனக்குப் பாதி எனக்குப் பாதி விடுகிறேன் என்றான். தன் முறை ஒன்றை எடுத்துக்கொள் என்று ஆள் விட்டுச் சொன்னான். வேண்டாம் என்றுவிட்டேன். வெங்காயம் முழுக்கப் போனது. தாள் சுருண்டு படுத்துவிட்டது. அன்றையிலிருந்து பேச்சில்லை. கிணற்றுப் பக்கமே நான் போவதில்லை, போர் போட்டுவிட்டேன். அவன் என் வாசலில் வந்து, "தப்பு பண்ணிட்டேன் வீரமலை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் என்ன வேண்டாம் என்றா சொல்லப் போகிறேன்? ஆள் விட்டுச் சொன்னான். ஆள் விடுவது பெரியமனுஷன் வேலை.

ஆனால் ஒன்று. அவன் வீட்டு யானைக்கும் மற்ற வீட்டுக்கும் நான் வித்தியாசம் வைக்கவில்லை. கீழத்தெரு வீடு, கீழத்தெரு முறை. நீங்கள் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

அவனுக்கு ஒரு பெண். வினோதினி. வீட்டில் பாப்பா என்போம். சின்னப் பிள்ளையில் என் தோளைவிட்டு இறங்காது. "சித்தப்பா, சித்தப்பா" என்று வரப்பிலெல்லாம் பின்னாலேயே வரும். முசிறிப் பக்கம் கொடுத்தார்கள். புருஷன் லாரி ஓட்டினவன், விபத்தில் போய்விட்டான். பாப்பா ஒரு பெண் குழந்தையோடு திரும்பி வந்துவிட்டது. அந்தச் சாவுக்கு நான் போனேன். அண்ணன் இருக்கிற பக்கம் திரும்பாமல் நின்றுவிட்டு வந்தேன். சாவுக்குப் போகாமல் இருப்பேனா? நான் அந்த மாதிரி ஆள் இல்லை.

பாப்பாவுக்கு வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை ஒன்று கிடைத்தது. திருச்சியில் கம்பெனி. அமெரிக்கா ஆஸ்பத்திரி பில்லில் பிழை பார்க்கிற வேலையாம். காதில் மாட்டிக்கொண்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும். முற்றத்தை ஒட்டின சன்னலில்தான் உட்காரும். நீல நிறச் சுடிதார் போட்டிருந்தால் அன்றைக்கு யாரோ அதிகாரி பேசுகிற நாள். நான் பார்ப்பதில்லை என்றேன் அல்லவா, மாடியில் வற்றல் காயப்போட வரும்போது கண்ணில் படும், அவ்வளவுதான். வேலை மத்தியானத்துக்கு மேலே. முதலில் பழகிக்கொள்கிற காலம், அதற்கப்புறம்தான் வேலை உறுதி என்றார்கள் போலிருக்கிறது.

மத்தியானம் மேலத்தெரு முறை.

நான் என்ன செய்ய முடியும்? முறை வைத்தபோது அந்தப் பிள்ளைக்கு வேலையே கிடைக்கவில்லை. சரி, கிடைத்திருக்கலாம், கிடைத்த புதிது. எனக்குத் தெரியாது.

ஒருநாள் பாப்பா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் கழித்து என் வீட்டுப் படியில் வந்து உட்கார்ந்தது. பூங்காவனம் குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள், முறுக்கு எடுக்க.

"சித்தப்பா, மத்தியானம் எனக்கு நெட்டு வேணும்."

"உங்க தெருவுக்குக் காலையிலதானே பாப்பா."

"காலையில கம்பெனியே திறக்காது சித்தப்பா. நான் காலையில நெட்ட வெச்சுக்கிட்டு என்ன, கோலமா போடறது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்ன வயதிலிருந்து அப்படித்தான் பேசும். ஆனால் சிரிக்கவில்லை.

"உங்கப்பா ஏன் வந்து கேக்கல?"

"நான் வந்து கேக்கறேன்ல?"

"வீட்டுக்குப் பெரியவர் யாரு? அவரு வந்து கேக்கட்டும். மாத்தி விடறதுல எனக்கு என்ன?"

"வேலை எனக்கா, அப்பாவுக்கா?"

அது எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு, "சித்தப்பா, உங்க ரெண்டு பேரு கிணத்தைக் கொண்டாந்து என் தலையில கட்டாதீங்க" என்றது. குழந்தையை வாங்கிக்கொண்டு போய்விட்டது. வாயில் முறுக்கோடு குழந்தை என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது.

பூங்காவனம் அன்றைக்கு என்னோடு பேசவில்லை. "அந்தப் புள்ளை உங்க வெங்காயத்தையா புடுங்குச்சு?" என்றாள், அவ்வளவுதான். அவளுக்குக் கிணறும் தெரியாது, நெட்டும் தெரியாது. நான் கேட்டதில் என்ன தப்பு? ஒரு வார்த்தை. பக்கத்துத் தெருவில் இருந்து நடந்து வந்து ஒரு வார்த்தை கேட்டால் போதும். அதற்கு அவனுக்குக் கால் வராதா? பெற்ற பிள்ளைக்காக வரமாட்டானா? அந்தப் பிடிவாதத்தை நீங்கள் பார்க்க வேண்டும். எங்கள் வம்சத்திலேயே அவன் ஒருத்தன்தான் அப்படி.

அதற்கப்புறம் பாப்பா கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போகும். புடவைத் தலைப்பைக் கம்ப்யூட்டர் மேலே பந்தல் மாதிரி பிடித்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்காரும். ஆடு மேய்க்கிறவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டு போவார்கள். சிக்னல் வந்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. கஷ்டமாக இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் ஒரு வீட்டுக்கு மாற்றினால் நாளைக்கு ஊரே வந்து நிற்கும்.

கிரிக்கெட்டா? அது ஊர்க் காரியம் என்று சொன்னேனே தம்பி.

அப்புறம் வைகாசியில் ஒருநாள், அவன் வந்தான்.

உச்சி வெயில். நான் இதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், வற்றல் காய்ந்துகொண்டிருந்தது, காக்காய் ஓட்டிக்கொண்டிருந்தேன். தெருவில் ஒரு ஆள் வந்து என் வாசலுக்கு நேராக நிற்கிறது. உள்ளே வரவில்லை. தோளில் துண்டு.

"வீரமலை" என்றான்.

அந்தக் குரலில் என் பேரைக் கேட்டு எத்தனை காலம் ஆகிவிட்டது. எனக்குத் தெரியாதா யார் என்று? இருந்தாலும் மேலே இருந்தபடியே, "யாரு?" என்றேன்.

"நான்தான்."

"நான்தான்னா?"

துண்டை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினான். அப்புறம், "மருதை" என்றான்.

"என்ன வேணும்?"

"பாப்பாவுக்கு இன்னிக்குப் பெரிய ஆபீசரு கேமராவுல உக்காந்து வேலையப் பாக்கறாராம். அதைப் பாத்துட்டுத்தான் வெச்சுக்கறதா அனுப்பறதான்னு சொல்லுவாங்களாம். ஏரிக்கரையில இருந்து பண்ணக்கூடாதாம், வீட்டுல இருந்துதான் பண்ணணுமாம். கொஞ்சம் விடு."

"எதை விடணும்?"

"அதான்..."

"எதைன்னு சொன்னாத்தானே தெரியும்?"

அவனுக்கு அதன் பேர் வாயில் வரவில்லை. கையை மேலே காட்டி, "அந்தக் காத்துல வர்றது" என்றான். எதிர்வீட்டுக்காரன் சிரித்துவிட்டான். நான் சிரிக்கவில்லை. சத்தமாகச் சிரிக்கவில்லை.

"சரி, விடறேன்" என்றேன். உடனே சொன்னேன் தம்பி. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். முடியாது என்று நான் சொல்லவே இல்லை. அவன் கேட்டான், நான் சரி என்றேன்.

போனைக் கையில் எடுத்தால் கண்ணாடி இல்லாமல் படங்கள் எல்லாம் ஒன்றாகத் தெரிகிறது. கண்ணாடி கீழே இருக்கிறது. இறங்கினேன். இந்தப் படி செங்குத்து, என் வயதுக்கு மெதுவாகத்தான் இறங்க முடியும். பூங்காவனம் படிக்குக் கீழேயே கண்ணாடியை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். வாங்கினேன். தாகமாக இருந்தது, பானையில் மோர் இருந்தது, குடித்தேன். வெயிலில் இருந்து வந்தவன் மோர் குடிக்கக் கூடாதா? அவள் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். அவன் உட்காரவில்லை. சன்னல் வழியாகப் பார்த்தேன். நின்றுகொண்டே இருக்கிறான். தலையில் நேராக வெயில். துண்டைத் தலையில் போட்டுக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை அவனுக்கு.

அந்தக் காட்சியை நான் எத்தனை வருஷமாக நினைத்து வைத்திருந்தேன் தெரியுமா? என் வாசலில் அவன் நிற்பான், நான் உள்ளே இருப்பேன். நினைக்கும்போதெல்லாம் நெஞ்சுக்கு இதமாக இருக்கும். அன்றைக்கு நின்றான். பார்த்தேன். இதமாக இருந்ததா என்று கேட்டால், என்ன சொல்வது? அவன் கழுத்து ஒட்டிப் போயிருந்தது. எங்கள் அப்பா கடைசிக் காலத்தில் அப்படித்தான் இருந்தார். நான் பாட்டுக்குப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். கொஞ்ச நேரம்தான். ஒரு பாத்திக்குத் தண்ணீர் பாய்ந்து அடுத்த பாத்திக்குத் திரும்புகிற நேரம். பூங்காவனம் உள்ளே வந்து, "தொடுங்களேன்யா அதை!" என்று கத்தினாள். அப்புறம்தான் தொட்டேன். பச்சையானது.

பச்சையாகி என்ன? தெரு முனையிலிருந்து பாப்பா வருகிறது. நீலச் சுடிதார், காதில் மாட்டினது கழுத்தில் தொங்குகிறது. ஓடியும் வரவில்லை. மெதுவாக நடந்து வந்து அவன் கையைப் பிடித்து, "வாங்கப்பா, போதும். நேரம் முடிஞ்சுதுன்னு அவங்க போயிட்டாங்க" என்றது. என் வீட்டுப் பக்கம் பார்க்கவில்லை. அவன் பார்த்தான். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். திட்டவில்லை. நாற்காலியை எடுத்து நிழலில் தள்ளி வைத்துவிட்டுப் போனான்.

நீங்களே சொல்லுங்கள், அது என்ன கம்பெனி? கொஞ்ச நேரம் பொறுக்கமாட்டார்களா? ஒரு மனுஷிக்கு வேலை கொடுக்கிறவனுக்கு அந்தப் பொறுமை வேண்டாமா? தப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அதை யாரும் பேசமாட்டேன் என்கிறார்கள். ஊரே என்னைப் பேசுகிறது.

பாப்பா திருப்பூருக்குப் போய்விட்டது. பனியன் கம்பெனி. பெண்கள் தங்குகிற விடுதியில் குழந்தையை வைத்துக்கொள்ள முடியாதாம், அதனால் குழந்தை இங்கே. சாயங்காலத்தில் அண்ணன் அதைத் தோளில் வைத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போகிறான். அங்கேதான் அது அம்மாவோடு பேச முடியும். ஏன் அங்கே போக வேண்டும்? சாயங்காலம் இருட்டியதும் நான் எல்லாருக்கும் திறந்துதானே விடுகிறேன்? யானை பச்சையாகத்தான் இருக்கிறது. அவன் வீட்டில் அந்தப் பெட்டியைப் பிளக்கிலிருந்து பிடுங்கிவிட்டானாம். பாருங்கள் அந்த வீம்பை.

என்ன தம்பி? கேட்கவில்லை, சத்தமாகச் சொல்லுங்கள்.

டிஷ் திரும்பியிருக்கிறதா?

எவ்வளவு? இவ்வளவுதானா? உள்ளங்கை அகலம்கூட இல்லையே. யார் திருப்புவார்கள்? நான் அதில் கையே வைத்ததில்லை, சாமி சத்தியமாக. ஓ, குரங்கா? பச்சைமலையிலிருந்து வரும், ஆமாம், மாசியில் புளி பழுக்கிற நேரம் கூட்டமாக வரும். பூங்காவனம்கூட ஏதோ சொன்னாள், ஒரு கடுவன் டிஷ்ஷைப் பிடித்துத் தொங்கி ஊஞ்சல் ஆடுகிறது என்று. குரங்கு உட்கார்ந்தால் நெட்டு குறையுமாடி என்று கேட்டேன். காற்றில் வருகிறதைக் குரங்கு என்ன செய்யும்?

சரி, சரி. திருப்பி முடுக்கிவிடுங்கள். மெதுவாக இறங்குங்கள், மூன்றாவது படி ஆடும்.

இப்போது என்ன பார்க்கிறீர்கள் போனில்? எல்லாவற்றையும் திறந்துவிட்டீர்களா? மேலத்தெரு, கீழத்தெரு எல்லாம்? ஒரே நேரத்தில் திறந்தால் யாருக்கும் பாயாது தம்பி, நான் பார்த்தவன் சொல்கிறேன். பாய்கிறதா? எங்கே, காட்டுங்கள். இது கடை. இது பால்காரர் வீடு. இவ்வளவு வேகமா? சரி, பாதியை நிறுத்துங்கள், மீதிக்கு இன்னும் கூடும், பாருங்கள். கூடவில்லையா? அப்படியேதான் இருக்கிறதா? இன்னொரு தடவை நிறுத்திப் பாருங்கள்.

அப்படியானால் நீங்கள் என்ன சொல்லவருகிறீர்கள்? ஊற்று குறையவே இல்லை. தண்ணீர் அங்கே நிறைய இருந்தது, இங்கே வருகிற வாய்தான் ஒருக்களித்து நின்றது. அப்படித்தானே? மாசியிலேயே யாராவது ஏறி ஒரு முடுக்கு முடுக்கியிருந்தால் எல்லாருக்கும் எந்நேரமும் வந்திருக்கும். காலையும் வந்திருக்கும், மத்தியானமும் வந்திருக்கும். யாரும் யாரிடமும் கேட்கவே வேண்டியதில்லை.

கம்பெனியிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்காதீர்கள். சொன்னேன் அல்லவா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன்.

யார் போட்ட புகாருக்கு வந்தீர்கள்? பாப்பாவா? எப்போது போட்டது? சித்திரையிலா? சித்திரையில் போட்ட புகாருக்கு ஆடியில் வருகிறீர்களா? என்னைப் பேசுகிறீர்களே, உங்களை யார் பேசுவது?

கேட்கிறதா அது? கீழே. கடையில் பசங்கள் கத்துகிறார்கள். "டேய், ஓடுதுடா, நிக்காம ஓடுதுடா!" மேலத்தெருவிலும் சத்தம். இரண்டு தெருவிலும் ஒரே நேரத்தில். இப்போது தெருவில் இறங்கி ஒருத்தனை ஒருத்தன் கேட்பான், உனக்கும் வருகிறதா, எனக்கும் வருகிறதே என்று. அப்புறம் எல்லாரும் சேர்ந்து இந்த மாடியைப் பார்ப்பார்கள். ராஜரத்தினம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பவரா? சாயங்காலத்துக்குள் அண்ணன் வீட்டுக்கும் போய்விடும். குரங்கு என்று போகும். ஒரு முடுக்குத்தான் என்று போகும்.

தம்பி, அந்த ஸ்பேனரைப் பைக்குள் வைக்காதீர்கள். இப்படி வாருங்கள், பூங்காவனம் காதில் விழவேண்டாம். இன்னொரு தடவை ஏறுங்கள். ஏறி, அந்த டிஷ்ஷைப் பழையபடி திருப்பி வைத்துவிடுங்கள். முழுக்க வேண்டாம், முக்கால்வாசி. ஊருக்குக் கெடுதல் செய்யச் சொல்லவில்லை. நாளைக்கு வந்து கொஞ்சம் நிமிர்த்துங்கள். அடுத்த வாரம் வந்து இன்னும் கொஞ்சம். கம்பெனியில் ஏதோ பெரிய சாமான் மாற்றுகிறார்கள், அதனால்தான் கூடுகிறது என்று நான் சொல்லிக்கொள்கிறேன். ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? சரியாக வேண்டாம் என்றா சொன்னேன்? சரியாகட்டும். எல்லாருக்கும் சரியாகட்டும். ஒரே நாளில் சரியானது என்று மட்டும் அவனுக்குத் தெரியவேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகட்டும், தம்பி.